பிரேக் மிதி சொல்லும் சேதி

குளுவாங்கில் எங்கள் வீட்டு வாசலில் தாத்தாவின் மோரிஸ் மைனர் நிற்கிறது. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, அந்நாளைய மலாயாச் சாலைகளிலும் ஓடிய கார் வகை இது. உரிமம் எடுத்த கையோடு அதை ஓட்டத் தொடங்கினேன்.

சில வாரங்களில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது. ஊற்றினேன், சரியானது. மீண்டும் குறைந்தது, மீண்டும் ஊற்றினேன். எண்ணெய் எங்கே போகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு மாலை, இறக்கத்தில் சமிக்ஞை விளக்கை நெருங்கும்போது மிதி தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்தேன். முன்னால் நின்ற மோட்டார்சைக்கிளுக்கு ஒரு முழம் பின்னால் கார் நின்றது.

மறுநாள் பட்டறை மாமா பின்சக்கர டிரம்மைக் கழற்றினார். உள்ளே ஒரே ஈரம். சக்கர சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது.

“ஊத்திக்கிட்டே இருந்தா ஓட்டை அடைஞ்சிடுமா, தம்பி?” என்றார்.

பள்ளியில் மனப்பாடம் செய்த பாஸ்கல் விதி அப்போதுதான் புரிந்தது. அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மோரிஸ் மைனரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழி. அதனால் ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கும் கைவிட்டுவிடும். இன்றைய கார்களில் இரண்டு தனி வழிகள் உண்டு. கைபிரேக் எண்ணெயை நம்பாமல் கம்பிவடத்தால் இயங்குவதால் நான் தப்பினேன்.

மிதியின் அறிகுறிகளை மாமா சொல்லித் தந்தார். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கும். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். இரண்டாம் முறை மிதித்ததும் உயர்ந்து கெட்டியானால், பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். அழுத்திப் பிடிக்கும்போதே மெல்ல இறங்கினால், எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் பழுது. கார் ஒரு பக்கமாக இழுத்தால், ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை.

எண்ணெய்க்கும் வயதாகும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த எண்ணெய்க்கு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்து ஆவியானால், ஆவியும் காற்றைப்போலச் சுருங்கும், மிதி ஏமாற்றும். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இந்தக் காரில் எண்ணெய்த் தொட்டி ஓட்டுநரின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே இருக்கிறது. இப்போது ஞாயிறுதோறும் விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறேன். அளவு குறைந்திருந்தால் எண்ணெய்ப் புட்டியைத் தேடுவதில்லை. முதலில் சக்கரங்களைக் குனிந்து பார்க்கிறேன்; பிறகு மாமாவை அழைக்கிறேன்.