மலபார் (பழைய ஆங்கில இனப்பெயர்)

மலபார் என்பது இன்று கேரளத்தின் வடபகுதியைக் குறிக்கும் பெயர். ஆனால் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான ஆங்கில நூல்களிலும் ஆவணங்களிலும் இச்சொல் பல இடங்களில் தமிழரையும் தமிழ் மொழியையும் குறித்தது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய ஒருவரைப் பற்றி அக்கால ஆங்கிலேயர் எழுத நேர்ந்திருந்தால், அவர் வாழ்ந்த கரையைக் 'கோரமண்டல்' என்றும் அவரை 'மலபார்' என்றும் எழுதியிருப்பார். கிழக்குக் கரையில் வாழ்ந்தவருக்கு மேற்குக் கரையின் பெயர்!

இச்சொல்லின் முதற்பகுதி 'மலை'. 'பார்' என்னும் ஈறு அரபு, பாரசீக வணிகர் வழக்கிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 1498இல் கோழிக்கோட்டுப் பகுதியில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் இப்பெயரை எடுத்துக்கொண்டனர். பின்னர்த் தமிழ்க் கரையிலும் அதைப் போன்ற பேச்சைக் கேட்டதால், அம்மக்களுக்கும் அதே பெயரையே வழங்கினர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் நூல். அதன் போர்ச்சுகீசியத் தலைப்பு மொழியின் பெயரை 'மலபார் தமிழ்' என்று இரண்டையும் சேர்த்தே தருகிறது. ஆங்கிலேயரும் இவ்வழக்கைப் பின்பற்றினர். 1779இல் சென்னை வேப்பேரியில் வெளியான பப்ரிசியுசின் தமிழ்–ஆங்கில அகராதிக்கு 'மலபார் ஆங்கில அகராதி' என்றே தலைப்பு.

அதே காலத்தில் சென்னையில் தெலுங்கர் 'ஜெண்டு' எனப்பட்டனர். இது, பிற சமயத்தார் எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. வங்காளத்தில் இதுவே இந்துக்கள் அனைவரையும் குறித்தது. 1776இல் ஹால்ஹெட் வெளியிட்ட 'ஜெண்டு சட்டங்கள்' தெலுங்கரின் சட்டம் அன்று.

இப்பெயர்க் குழப்பம் அரசியல் ஆவணத்திலும் ஏறியது. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம், கண்டி அரசின்மீது 'மலபார்' இனத்தாருக்கு இருந்த உரிமையை நீக்கியது. அங்கே குறிக்கப்பட்டவர்கள் மதுரையோடு தொடர்புடைய நாயக்கர் மரபினர். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார்.

எனவே பழைய ஆவணத்தில் இச்சொல்லைக் கண்டதும் மலையாளி என்று முடிவுசெய்துவிடக் கூடாது. எழுதப்பட்ட ஊரைப் பார்க்க வேண்டும். 1792க்குப் பின் ஆங்கிலேயர் கைக்கு வந்த மலபார் மாவட்டத்து ஆவணமென்றால் கேரளம். சென்னை, தரங்கம்பாடி, யாழ்ப்பாணம் என்றால் பெரும்பாலும் தமிழ்.

ஆங்கிலத்தில் வழக்கொழிந்த இப்பொருள் பிரெஞ்சில் முற்றிலும் மறையவில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே உள்ள புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காக ரீயூனியன் தீவுக்குக் கப்பலேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் 'மல்பார்' என்றே அழைக்கப்படுகின்றனர்.