டில்லிக் குளிரும் கொல்லைக் கறிவேப்பிலையும்

ஐப்பசி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது அடைமழை. கன்று நடவும் எருவிடவும் ஊரில் அது தக்க பருவம். டில்லியிலோ மழை புரட்டாசியிலேயே விடைபெற்றுவிடுகிறது. ஐப்பசி பிறக்கையில் வானம் வெளுத்து, விடியற்காற்றில் சிலுசிலுப்புத் தலைகாட்டுகிறது. ஊர்ப் பழக்கத்தை விடாமல் இம்மாதத்திலும் கறிவேப்பிலைக்குத் தாராளமாக எருவிட்டுக் கிளை நறுக்குவோர் நம்மிடையே பலர். அதனால் எழும் இளங்கொழுந்துதான் மார்கழிக் குளிருக்கு முதலில் பலியாகிறது. ஆகவே மாசி நடுப்பகுதி வரை அச்செடிக்கு எருவும் வேண்டா, கத்தரியும் வேண்டா. தாளிப்புக்குரிய இலையை மட்டும் பறித்துக்கொள்ளலாம்.

இந்நகரக் குளிரை எளிதாக எண்ணலாகாது. 1935 ஜனவரி 16 அன்று வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே 0.6 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. 2021 புத்தாண்டுக் காலையில் 1.1 பாகை. ரயிலில் இருக்கைக்கடியில் வைத்துப் பதமாகக் கொண்டுவந்த கன்று இதை எப்படித் தாங்கும்?

தொட்டிச் செடிகளைக் கார்த்திகைக்குள் தெற்கு நோக்கிய சுவரோரம் நகர்த்திவிட வேண்டும். குளிர்காலச் சூரியன் தென்புறமாகத் தாழ்ந்தே செல்வதால் வெயில் அங்கேதான் விழும். பகலில் சூடேறிய சுவர் இரவிலும் சிறிது வெப்பம் தரும். தரையில் நட்ட இளங்கன்றுக்கு நான்கு குச்சி ஊன்றி, இலையில் படாதவாறு பழஞ்சாக்கைச் சுற்றிக் கட்டி, தென்கிழக்குப் பக்கத்தை மட்டும் வெயிலுக்குத் திறந்துவிடலாம். மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் வார்க்க வேண்டும். குளிரில் ஈரம் தேங்கினால் வேர் அழுகும். ஆனால் கடும்பனி இறங்கும் என்று வானிலையார் அறிவிக்கும் நாளின் மாலையில் தரைச் செடிக்குச் சிறிது நீர் விடுவது நன்று. ஈர மண் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் மெல்ல வெளியிடும்.

மல்லிகைக்கும் நீரைக் குறைத்தால் போதும். கவாத்துப் பனி கழிந்த பின்.

மழைக்காலத்தில் மண்டிய களையையும் சருகையும் கொளுத்தும் பழக்கம் சில குடியிருப்புகளில் இன்னும் உண்டு. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடுத்து 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் கிடக்கட்டும், நம் குழந்தைகள் மூச்சுவிடும் காற்றல்லவா அது! சருகைச் செடியடியில் நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் வேருக்கு அதுவே கம்பளி. தண்டை ஒட்டிக் குவித்துவிடலாகாது.

வெறுமையான பாத்திகளுக்கோ இதுவே வசந்தம். பாலக், வெந்தயக்கீரை, முள்ளங்கி யாவும் ஐப்பசியில் விதைக்கத் தக்கவை. கொத்தமல்லி விதையை இரண்டாக உடையும்படி தேய்த்துத் தூவ வேண்டும். ஊரில் நாம் கனவிலும் காணாத செழிப்பில் அது இங்கே வளர்கிறது.

இவ்வளவு செய்தும் தை மாதத்தில் கறிவேப்பிலை மஞ்சளித்து, இலை முழுதும் உதிர்த்து மொட்டையாக நிற்பதுண்டு. செத்தது என்று எண்ணி அப்போது பிடுங்கி எறிவோரே மிகுதி. நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. மேற்கிளை கருகியிருந்தாலும் அடித்தண்டைக் கீறிப் பார்த்துவிட்டு மாசிக் கடைசி வரை பொறுங்கள். வெயில் ஏறியதும் கணுக்களில் செந்துளிர் விடும். ஐப்பசியில் நிறுத்திவைத்த எருவை அப்போது இடலாம். நன்கு வேரூன்றிய மரமானால் அடியில் பக்கக்கன்றுகளும் எழும். அவற்றை மழை தொடங்கியதும் ஆனியிலோ ஆடியிலோ வேர்மண்ணோடு பெயர்த்து, புதிதாக மாற்றலாகி வந்த அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.