தகாப் பின்னம் என்றால் தவறான பின்னமா?

ஈப்போவில் நாங்கள் நடத்திய பெற்றோர் கலந்துரையாடலில் ஒரு தாயார் எழுந்து கேட்டார்: "தங்கச்சி, என் மகன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு அழிக்கிறான். ஏன்டா என்றால், 'விடை தகாப் பின்னமா வருதும்மா, அது தப்புதானே' என்கிறான். அவனுக்கு எப்படிச் சொல்வது?"

அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகாத வார்த்தை, தகாத சேர்க்கை என்றே கேட்டு வளரும் பிள்ளை வேறு எப்படி நினைக்கும்?

முதலில் பின்னத்தைப் பார்ப்போம். கோட்டுக்குக் கீழே இருப்பது பகுதி. ஒரு முழுப் பொருளை எத்தனை சம பங்காகப் பிரித்தோம் என்பதை அது சொல்லும். மேலே இருப்பது தொகுதி. அத்தகைய பங்குகள் எத்தனை நம்மிடம் உள்ளன என்பதை அது சொல்லும். நம் தோட்டத்துப் பால்மரத்தில் அரைச்சுற்று வெட்டு போடுவார்கள். மரத்தின் சுற்றளவை இரண்டாக்கி, ஒரு பாதியில் மட்டும் கத்தி படும். அது 1/2. தொகுதி சிறியது, பகுதி பெரியது, ஒன்றை எட்டவில்லை. இதுதான் தகு பின்னம். 3/4, 5/8 எல்லாம் இந்த வகை.

தொகுதி, பகுதிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அது தகாப் பின்னம். 7/4 தகாப் பின்னம். 2/2 கூட அப்படித்தான். அதன் மதிப்பு சரியாக ஒன்று.

இனி என் பாட்டி கதைக்கு வருகிறேன். 1970-களில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் வெளிக்காட்டு வேலை செய்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. அரை நாள் வேலைக்கு அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு, முழு நாளுக்கு இரண்டு கோடு. ஒரு மாதக் கடைசியில் எண்ணினால் 43 கோடுகள். சம்பளச் சீட்டிலோ 21 நாள் என்றுதான் இருந்தது.

"அரை நாள்தானே, விடு" என்றார் தாத்தா. "அரை நாள்னா ஒரு வேளைச் சோறு" என்றார் பாட்டி.

நான்காம் வகுப்பு படித்த என் அம்மா பென்சிலை எடுத்தார். 43 அரை நாள் என்றால் 43/2. நாற்பத்து மூன்றை இரண்டால் வகுத்தால் ஈவு 21, மீதி 1. ஈவு முழு எண்ணாகும். மீதி, அதே பகுதியின் மேல் உட்காரும். ஆக 21½ நாள். திருப்பிச் சரிபார்க்க 21-ஐ 2-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினார், மீண்டும் 43. தாளோடு ஆபீசுக்குப் போனார்கள். கிராணி பேரேட்டைப் புரட்டிப் பார்த்துத் திருத்தினார். அரை நாள் கூலி கைக்கு வந்தது.

பாட்டியின் சுவரில் இருந்தது தகாப் பின்னம். அம்மா தாளில் எழுதிய 21½ கலப்புப் பின்னம். இரண்டும் ஒரே அளவுதான். சீட்டில் நேர்ந்த பிழை மீதியை விட்டுவிட்டது. பிள்ளைகள் வழுக்கும் இடமும் இதுவே. 7/4-ஐ மாற்றும்போது மீதி 3-ஐ மறக்கக்கூடாது. 1¾ என்று எழுத வேண்டும்.

கடையில் நாம் ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்கிறோம். எல்லாம் கலப்புப் பின்னம்! 1/320-ஐ முந்திரி என்று பெயரிட்டு, கீழ்வாய் இலக்கம் என வாய்பாடாகவே படித்தவர்கள் நம் முன்னோர். பேச்சுக்குக் கலப்புப் பின்னம் எளிது. பெருக்கல், வகுத்தலுக்குத் தகாப் பின்னம் எளிது. 2½-ஐ மூன்றால் பெருக்க வேண்டுமா? 5/2 ஆக்குங்கள், 15/2 வரும், அதாவது 7½.

பெற்றோரே, இன்றிரவு தோசையை நான்காக வெட்டிப் பிள்ளையின் தட்டில் ஏழு துண்டு வையுங்கள். எத்தனை தோசை என்று கேளுங்கள். தகாப் பின்னம் தப்பான பின்னமல்ல, ஒன்றுக்குக் குறையாத பின்னம் என்று அவனே சொல்வான். அழிப்பானைக் கீழே வைத்துவிடுவான்.