திறமை மட்டும் போதுமா? ரவிவர்மாவும் அவருடைய புரவலர்களும்



"திறமை இருந்தா தானா முன்னுக்கு வந்துடலாம் டீச்சர்." படிவம் 4 மாணவர் ஒருவர் கட்டுரை வகுப்பில் சொன்னது இது. உண்மையா என்று பார்க்க, ஓவியர் ராஜா ரவிவர்மாவின் (1848–1906) வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம்.

புரவலர் என்றால் கலைஞரையும் புலவரையும் ஆதரித்துக் காப்பவர். கபிலருக்குப் பாரி, ஔவைக்கு அதியமான், கம்பருக்குச் சடையப்ப வள்ளல். இத்தாலிய ஓவியர் கரவாஜியோவுக்கும் டெல் மோன்தே என்ற கர்தினால் இருந்தார். ரவிவர்மாவுக்கு யார் யார் இருந்தார்கள்?

1. மாமாவும் மன்னரும்

கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் அவருடைய தாய்மாமா ராஜராஜ வர்மா. அவரும் ஓவியர்தான். 14 வயதுப் பையனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மன்னர் ஆயில்யம் திருநாள் அங்கேயே தங்கி வரையச் சொன்னார்.

ஆனால் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்றுத்தர மறுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் நடத்தவில்லை. மன்னர் சொன்னதால், அவர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1873இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றார். மன்னர் கொடுத்தது வாய்ப்பு, உழைத்தது ரவிவர்மா.

2. ஆதரவு போனால்?

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாளோடு ரவிவர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. திருவிதாங்கூரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒரே ஒருவரை நம்பியிருக்கும் கலைஞனுக்கு வரும் ஆபத்து இதுதான்.

3. கும்பகோணத்து நண்பர்

இந்த நேரத்தில் கைகொடுத்தவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்தவர், திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பிறகு பரோடாவின் திவானானவர். அவர் மூலம் பரோடா அரண்மனைக் கதவு திறந்தது. மன்னர் மூன்றாம் சாயாஜிராவ், 1888இல் 14 புராண ஓவியங்களை வரையச் சொன்னார்.

மாதவராவ் செய்த இன்னொரு உதவி, ஒரு யோசனை. "எல்லாருக்கும் உங்கள் ஓவியம் வேண்டும், ஆனால் இரண்டு கைகளால் எத்தனைதான் வரைய முடியும்? அச்சில் கொண்டுவாருங்கள்" என்பது அவர் அறிவுரையின் சாரம். 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். அதனால் கடன் ஏறியது. கடைசியில் அச்சகத்தை விற்றுவிட்டார். ஆனால் அரண்மனையில் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண மக்களின் பூஜை அறைக்கு வந்துவிட்டார்கள். இனி மக்களே புரவலர்கள்!

நம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், சாமிப் படக் கடையில் கொஞ்சம் நின்று பாருங்கள். தாமரையில் நிற்கும் லட்சுமியின் சாயலில் ரவிவர்மா இன்னும் தெரிவார்.

தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்தலாம்?

‘வெற்றிக்குக் காரணம் திறமையா, வாய்ப்பா?’ போன்ற தலைப்புக்கு, "ரவிவர்மா சிறந்த ஓவியர்" என்று மட்டும் எழுதினால் அது தகவல். யார், என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்று மூன்று படியாக எழுதினால்தான் அது விளக்கம்.

சிந்திக்க:
அ. மன்னரின் உதவிக்கும் மாதவராவின் உதவிக்கும் என்ன வேறுபாடு?
ஆ. கற்றுத்தர மறுப்பதும் ஒரு கலைஞனைப் பாதிக்குமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று அப்படிக் கேட்ட மாணவரின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் முழுக்கப் படங்கள். முன்பெல்லாம் "பாடத்தைக் கவனி" என்றுதான் சொல்லியிருப்பேன். இந்த முறை, "இதை யாரிடமாவது காட்டினாயா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், யாருமே கேட்டதில்ல" என்றார். நம்மால் அரண்மனை தர முடியாது. கேட்கவாவது செய்யலாமே.