இன்ன பாட்டின் வர்ணமெட்டு

முகூர்த்த நாளில் குமாரபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நாயனக்காரர் மோகன ராகத்தில் ‘நின்னுகோரி’ வர்ணத்தை எடுத்தால் போதும், பந்தியில் இருக்கும் பாதிப் பேருக்கு 1988-இல் வந்த ‘அக்னி நட்சத்திரம்’ ஞாபகத்துக்கு வந்துவிடும். இளையராஜா இசையில் சித்ரா பாடிய பாட்டு. ஆனால் அந்த வர்ணம் படத்துக்காகப் பிறந்ததல்ல. பூச்சி ஐயங்கார் என்று சங்கீத உலகம் அன்போடு அழைத்த ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார் (1860–1919) இயற்றியது. பாட்டுக் கற்கும் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கப்படுவது. சினிமா அதன் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் தாளத்தில் வேறொரு பாட்டாக வளர்த்தது. ஐயங்காரின் பெயரையே கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்கள் அவர் கொடுத்த முதல் அடியை முணுமுணுக்கிறார்கள்.

எடுத்தது தவறா? இல்லவே இல்லை. எடுக்காமல், கேட்காமல், கலக்காமல் எந்த இசையும் இத்தனை தலைமுறை உயிரோடு இருந்ததில்லை. யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அது எப்படிக் கைவிட்டுப் போனது என்பதுதான் என் கவலை.

இந்தக் கதையில் நம் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்துத் திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார்; அந்த நிறுவனம் நூறு படங்களுக்கு மேல் தயாரித்தது. அங்கே 1950-இல் உருவான ‘மந்திரி குமாரி’க்கு இசை ஜி.ராமநாதன். கர்நாடக ராகத்தைப் பாமரர் நாக்கில் ஏற்றிவைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான் என்பது என் கருத்து.

ஒரே ஒரு ராகத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் போதும். சாருகேசி, 26-ஆவது மேளகர்த்தா. சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம் என்று பஞ்சமம் வரைக்கும் அப்படியே சங்கராபரணம். முகம் மலர்ந்து நிற்கும். அதற்கு மேலே சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் வந்ததும் அதே குரலில் ஓர் ஏக்கம் ஏறிவிடும். கீழே சிரிப்பு, மேலே தவிப்பு. காதலுக்கு இதைவிடத் தோதான ராகம் வேண்டுமா? தியாகராஜர் இதில் ஒரு கீர்த்தனை செய்து வைத்திருந்தார். 1944-இல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த ‘ஹரிதாஸ்’ படத்துக்காகப் பாபநாசம் சிவன் இதே ராகத்தில் எழுதி மெட்டமைத்த ‘மன்மத லீலை’ பாட்டை எம்.கே.தியாகராஜ பாகவதர் பாட, படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தப் படத்துக்கு வாத்திய இசை சேர்த்தவர் ஜி.ராமநாதன். அவர் அதோடு சாருகேசியை விட்டுவிடவில்லை. 1956-இல் ‘மதுரை வீரன்’ படத்துக்கு எம்.எல்.வசந்தகுமாரி குரலில் ஆட்டத்துக்கு ஏற்றதாக ஒன்று. 1958-இல் ‘சாரங்கதரா’வில் டி.எம்.சௌந்தரராஜன் குரலில் ‘வசந்த முல்லை’. மூன்று பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று படியாது. ராகம் ஒன்றுதான், மெட்டு வேறு, மனசு வேறு. ராகத்துக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது, மெட்டுக்கு உண்டு என்பதைச் சட்டப் புத்தகத்தைவிட இந்த மூன்று பாட்டும் தெளிவாகச் சொல்லும்.

மெட்டையே எடுத்ததும் உண்டு. 1945-இல் ‘மீரா’ படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கியின் வரிகள், இசை எஸ்.வி.வெங்கட்ராமன் என்று நமக்குத் தெரியும். அந்த மெட்டு கமல் தாஸ்குப்தா அமைத்த ஓர் இந்திப் பாட்டிலிருந்து வந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எம்.எஸ். குரலில் அது வேறு உயரத்துக்குப் போனது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த வங்காள இசைக்கலைஞரின் பெயரையும் சேர்த்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

அதற்கு முந்தைய தலைமுறை சொல்லியிருக்கிறது. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுங்கள். பாட்டின் தலையில் ராகம், தாளம், கூடவே ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையில் கீர்த்தனை மெட்டும் வந்தது, பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த வடநாட்டு மெட்டும் வந்தது. எஸ்.ஜி.கிட்டப்பாவும், காவிரியில் நமக்குக் கீழே இருக்கும் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாளும் அந்த மேடையில்தான் வளர்ந்தார்கள். பாரதியாரே கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திர மெட்டுகளை எடுத்துத் தேசியப் பாட்டு எழுதினார். எந்த மெட்டு என்பதைத் தலைப்பிலேயே குறித்தும் வைத்தார். பாரதிக்கு அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் வரவில்லை. பாடுகிறவனுக்கு மெட்டு பிடிபட வேண்டும் என்பது ஒரு காரணம். மூத்தவருக்குச் செய்யும் மரியாதை இன்னொன்று.

சாஸ்திரிய சங்கீதம் மட்டும் கடன் வாங்காமல் சுத்தமாக இருந்தது என்று நினைப்பவர்கள் முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைக் கேட்க வேண்டும். வெள்ளைக்கார பேண்டு வாத்தியங்களில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். அவற்றில் ஒன்று இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. கும்பினி ஆட்சி வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தில் மும்மூர்த்திகளில் ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் விரிகிறது.

இளையராஜா அந்த வழியில் வந்தவர். 1985-இல் ‘சிந்து பைரவி’ படத்துக்காகத் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையை எடுத்தார். காம்போதியில் பாடப்பட்டு வந்ததைச் சாரமதிக்கு மாற்றி, கிராமத்துப் பாட்டு ஒன்றோடு கோத்துக் கடைசியில் இரண்டும் ஒரே நீரோட்டம் என்று காட்டினார். கீர்த்தனையின் ராகத்தில் கைவைக்கலாமா என்று வித்வான்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் யாருடைய கீர்த்தனை என்பதில் ஒளிவுமறைவு இல்லை. படத்தின் இசைக்கு அவருக்கும், பாடியதற்குச் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாஹுக்கும் சமர்ப்பணம் செய்தார். கடனைச் சொல்வதென்றால் அப்படிச் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் கணக்கு வேறு. இந்தியாவில் ஒரு மெட்டின் பதிப்புரிமை, இயற்றியவர் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும். தியாகராஜர் (1767–1847) ஊர்ப்பொது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல்; அந்தக் கணக்குப்படி அவர் தமக்கென்று இயற்றிய கீர்த்தனைகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. இதுபோன்ற உரிமைக் கணக்கு அயல்நாட்டாரையும் தடுக்கி விழவைத்திருக்கிறது. அமெரிக்கப் பாடகர் எரிக் கார்மென் 1975-இல் ரஷ்ய மேதை ராக்மானினாஃபின் பியானோ இசையை எடுத்துப் பாட்டாக்கினார். அது பொதுச்சொத்து என்று நம்பியிருந்தார். வாரிசுகள் வந்து கேட்டதும் வருமானத்தில் பங்கு கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டார்.

நம் வீட்டு வழக்கு ‘பொன்னியின் செல்வன் 2’. 2023-இல் வந்த அப்படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்த ‘வீரா ராஜ வீரா’ பாட்டு, தம் தந்தையும் அவர் சகோதரரும் இணைந்து இயற்றிய ‘சிவ ஸ்துதி’யின் நகல் என்று துருபத் இசைக் கலைஞர் ஃபையாஸ் வாசிஃபுதீன் டாகர் டெல்லி உயர்நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி அவர் பக்கம் நின்று, டாகர் சகோதரர்களின் பெயரைப் போடவும் 2 கோடி ரூபாய் கட்டவும் இடைக்கால உத்தரவிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. ஒன்றைப் பாடினார்கள் என்பதாலேயே அதை இயற்றியவர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்பது அவர்கள் தீர்ப்பின் சாரம். இதில் கவனிக்க வேண்டியது, படக்குழு டாகர்வாணி என்ற துருபத் மரபை முதலிலேயே குறிப்பிட்டிருந்தது. மரபின் பெயரைச் சொன்னால் போதுமா, மனிதரின் பெயரையும் சொல்ல வேண்டுமா என்பதுதான் சண்டை. சட்டம் எப்படித் தீர்த்தாலும், தெரிந்த பெயரைச் சொல்லிவிடுவதே நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

பெயருக்கான சண்டை பாட்டோடு நிற்பதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். விசைத்தறி விரிப்பும் அதே பெயரில் விலைபோவதாகக் கைத்தறி நெசவாளர்கள் இன்னும் குமுறுகிறார்கள். குமாரபாளையத்துத் தறிக்காரர்களுக்கு அந்தக் குமுறலின் நியாயம் விளக்காமலே புரியும். பாட்டுக்காரர்களுக்கு அந்தக் குறியீடு கூடக் கிடையாது. கொங்கு நாட்டில் விடிய விடிய அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவரின் மெட்டை யாராவது கைபேசியில் பதிந்துகொண்டு போய்ப் பாட்டாக்கினால், அவர் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பார்? இயற்றியவர் பெயர் இல்லை, எழுதிவைத்த தேதி இல்லை. தியாகராஜர் பெயர் விடுபட்டால் கண்டுபிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உடுக்கைக்காரருக்கு ஒருவரும் இல்லை. அதனால் இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

கும்மி மறுபடி தழைத்துக்கொண்டிருக்கும் காலம் இது. வள்ளி கும்மி ஆசிரியர்கள் புதுப்பாட்டு கட்டுகிறார்கள், ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் அம்மன் பாட்டுக்குச் சினிமா மெட்டு போடுகிறார்கள், இளைஞர்கள் சொந்தப் பாட்டை யூடியூபில் ஏற்றுகிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். தாராளமாக எடுங்கள், மாற்றுங்கள், கலந்துபாருங்கள். பாட்டுக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேருங்கள்: ராகம் எது, யாருடைய மெட்டு, யார் வாயிலிருந்து எந்த ஊரில் கேட்டது. பாடிக்கொடுத்தவர் உயிரோடு இருந்தால் வெளியிடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்; பாட்டு காசு கொண்டுவந்தால் அவர் பங்கை அவர் கையில் கொடுங்கள்.