அயலகப் பயண இலக்கியமும் சமூக நீதியும்

பயண இலக்கியம் தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் தன்னையொத்த கலைஞனுக்கு வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் கூறுகிறான். வழி நடப்பவனும் ஏழை. வழி காட்டுபவனும் நேற்றுவரை ஏழை. பசி இன்னதென்று அறிந்தவன் கண்ணே அங்கு உலகைக் காண்கிறது.

பிற்காலத்தில் தோன்றிய உரைநடைப் பயண நூல்களில் இந்நிலை பெரிதும் மாறியது. பொருளோ அரசரின் ஆதரவோ உடையவர்க்கே நெடுந்தொலைவுப் பயணம் எளிதாயிற்று. நூல் எழுதியவர் ஒருவர். அவருடைய மூட்டையைச் சுமந்தவர் வேறொருவர். சுமந்தவர் நூல் எழுதவில்லை. எனவே பயண நூலைப் பயிலும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பயணிக்கு உணவும் உறையுளும் தந்தவர் யார்? தாம் கண்ட கொடுமையை அவர் எவ்வாறு பதிவு செய்தார்? கண்டும் பேசாது கடந்தது எது? இவ்வினாக்களுடன் அயலகப் பயணிகள் இருவரின் நூல்களை ஈண்டு நோக்குவோம்.

மதுரையில் ஒரு சாட்சி

மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு பதூதா. 1325இல் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்ட அவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பல நாடுகளைச் சுற்றினார். தில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணியாற்றினார். தாயகம் திரும்பிய பின் மொராக்கோ அரசரின் ஆணைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுத, 'ரிஹ்லா' எனப்படும் அந்நூல் 1355இல் நிறைவுற்றது.

அந்நூலில் தமிழகத்தைப் பற்றிய பகுதி நம் மாணவர் அவசியம் பயில வேண்டியது. 1344ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வந்த அவருடைய கப்பல் தமிழகக் கரையருகே சேதமுற்றது. அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன். இருவரும் ஒரே குடும்பத்தில் பெண்ணெடுத்தவர்கள்; சகலர்கள். சுல்தான் அவரை வரவேற்று விருந்தோம்பினார். மாலத்தீவின்மீது படை அனுப்புவது குறித்தும் இருவரும் பேசினர். ஆக, பயணிக்குச் சுல்தானின் தயவு தேவைப்பட்ட காலம் அது.

அங்கே அவர் கண்டது என்ன? காட்டில் சிறைபிடிக்கப்பட்ட இந்துக்கள், தம்மைக் கழுவேற்றுவதற்கான கூர்மரங்களைத் தாமே சுமந்து வரச் செய்யப்பட்டனர். அவர்தம் மனைவியரும் மக்களும் உடன் கொல்லப்பட்டனர். ஒருநாள் சுல்தானுடன் உணவருந்திக்கொண்டிருந்தபோது ஓர் இந்துவும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டு, அங்கேயே தலை வெட்டப்பட்டனர். தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக இப்னு பதூதா கூறுகிறார். பெண்டிரையும் சிறுவரையும் கொல்லும் இச்செயல் வேறெந்த அரசரிடமும் தாம் அறியாத இழிசெயல் என்றும், இதன் பொருட்டே இறைவன் அச்சுல்தானின் இறப்பை விரைவுபடுத்தினான் என்றும் அவர் பதிவு செய்துள்ளார்.

இப்பகுதியை வகுப்பில் நடத்தலாமா என்று தயங்குவோர் உண்டு. நாமும் ஒரு காலத்தில் தயங்கியவரே. ஒரு சமுதாயத்தையே பழிக்க இதைச் சிலர் கருவியாக்கக்கூடும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் அக்கொடுமையைக் கண்டித்தவரும் ஒரு முஸ்லிம், காஜியாக இருந்தவர், சுல்தானின் உறவினர். கொடுமை அதிகாரத்தின் செயல். கண்டனம் சமய உணர்வுடைய ஒரு மனிதரின் குரல். கொலையுண்டோர் பெயர்களைக்கூட நாம் அறியோம். அவர்கள் இறந்த விதம் நமக்குத் தெரிவது இச்சாட்சியால்தான். அதை நாம் மறைத்தால் அவர்களை மீண்டும் ஒருமுறை புதைத்தவராவோம். உறவினரேயாயினும் நீதியின் பக்கம் நிற்றல் நமக்குக் கற்பிக்கப்பட்ட நெறியுமாகும்.

அதேவேளை, சாட்சியின் குறையையும் சுட்டுதல் வேண்டும். அவர் முகம் திருப்பினார். எதிர்த்துப் பேசியதாகக் கூறவில்லை. சுல்தான் இறந்த பின்னர், பத்தாண்டுகள் கடந்து, ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருந்துகொண்டே கண்டனத்தைச் சொன்னார்.

பேசாது கடந்தவை

இப்னு பதூதா 1352இல் சகாரா பாலைவனத்தைக் கடந்தபோது தகாசா என்னும் ஊரைக் கண்டார். அங்கு வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. உப்பு வெட்டியவர் அடிமைகள். தொலைவிலிருந்து வரும் பேரீச்சம்பழமும் ஒட்டக இறைச்சியும் தானியமுமே அவர்தம் உணவு. இவ்வளவும் நூலில் உண்டு. அவர்களுக்காக ஒரு பெருமூச்சு இல்லை. திரும்பும் வழியில் அவர் சேர்ந்து வந்த வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தனர். எண்ணிக்கையைச் சொன்னவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவரே அடிமைகளை வைத்திருந்தவர். மதுரையில் விழித்த கண் சகாராவில் விழிக்கவில்லை.

காங்கோவில் ஒரு பிரெஞ்சு எழுத்தாளர்

பின்னாளில், 1947இல், நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ழீத், 1925இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மத்திய ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். குடியேற்ற நாட்டு அமைச்சகத்தின் ஆதரவுடன் சென்ற பயணம் அது. இயற்கை எழிலையும் விலங்குகளையும் காணும் ஆவலோடு போனவரை, இரவில் வந்து முறையிட்ட ஊர்த் தலைவர் ஒருவரும் பிறரும் வேறொன்றைக் காணச் செய்தனர். அப்பகுதியின் ரப்பர், தனியார் நிறுவனம் ஒன்றின் ஏகபோகத்தில் இருந்தது. போதிய ரப்பர் கொண்டுவராத பத்துப் பேர், பாம்பியோ என்னுமிடத்தில் கனத்த மரங்களைச் சுமந்தவாறு கடும் வெயிலில் நாள் முழுதும் சுற்றிவரச் செய்யப்பட்டனர். விழுந்தவர்க்குச் சாட்டையடி, ஒருவர் மாண்டார். ழீத் இதனை விசாரித்து எழுதினார், ஆளுநருக்கு முறையிட்டார். 1927இல் 'காங்கோப் பயணம்' வெளிவந்ததும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. பயணக் குறிப்பே வழக்குரையாயிற்று.

எனினும் ழீத் குடியேற்ற ஆட்சியையே வேண்டாமென்றாரல்லர். அதன் முறைகேடுகளையே சாடினார். அவருடைய பெட்டிகளையும், சிற்சில வேளை அவரையும், ஆப்பிரிக்கர்களே சுமந்து சென்றனர். ஆனால் அந்த உண்மையை அவர் நூலில் மறைக்கவில்லை. சுமந்தவர் நூலுக்குள் தென்படுகின்றனர்.

நம் கட்டுரைகள்

இவ்விருவரைக் குறை கூறுவது எளிது. ஒருமுறை நம் மாணவர் கல்விச் சுற்றுலா சென்று மீண்டு பயணக் கட்டுரை எழுதினர். கோபுரத்தின் உயரமும் அருவியின் அழகும் அனைவர் தாளிலும் இருந்தன. இரு இரவுகள் உறங்காது பேருந்து ஓட்டியவரின் பெயர் ஒருவர் தாளிலும் இல்லை. நாமும் அதைக் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்களே வழங்கினோம். சில நாள் கழித்து அவர் பெயரை நினைவுகூர முயன்றபோது நமக்கே அது தெரியவில்லை என்பதை உணர்ந்து நாணினோம்.

இன்று நம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர் பலர். அவர்களுள் சுமப்பவர்களும் எழுதத் தெரிந்தவர்கள். அவர்கள் எழுதும் கடிதமும் நாட்குறிப்பும் ஆற்றுப்படையின் பழைய மரபை மீட்கவல்லன. அவற்றைத் திரட்டிப் பயில்வது தமிழ்த்துறைகளின் கடமையாகும். மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: அடுத்த பயணக் கட்டுரையை எழுதுமுன், உம்மைக் கொண்டு சேர்த்தவரின் பெயரைக் கேட்டு முதல் வரியில் எழுதுக. எஞ்சியவற்றைக் காணும் கண் அதன்பின் தானே திறக்கும்.