கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்!

இரவு பதினொரு மணி. தெருவே உறங்கிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. குடித்துவிட்டு வந்த கணவன் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறான். உள்ளே, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே மிஞ்சிய மனைவி கண்ணீர் வடிக்கிறாள்.

"அழாதே அக்கா! மறுவாழ்வு இல்லம் ஒன்று இருக்கிறதாம். சொன்னால் வண்டியோடு வந்து அத்தானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று மாதத்தில் திருத்தி அனுப்புவார்களாம். நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறான் தம்பி.

இப்படி ஒரு வீடு இல்லாத தெரு நம் நாட்டில் எத்தனை இருக்கும்? அந்தத் தம்பியின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் அந்த ஒரு கையெழுத்து உயிரைக் காக்கவும் கூடும். உயிருக்கே உலை வைக்கவும் கூடும். ஆகவே பேனாவை எடுக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நோயா, குணக்கேடா?

குடிக்கு அடிமையாவது வெறும் குணக்கேடு அல்ல, அது ஒரு நோய் என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. சர்க்கரை நோயைப் போலவே நெடுநாள் கவனிப்பு கேட்கும் நோய். கட்டுப்படுத்தலாம்; மறுபடி தலைதூக்கவும் செய்யும்.

மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளியாயிற்று. நம் தேசத்தில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்றும் அது சொல்லிற்று. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுபவரோ 180 பேருக்கு ஒருவர்! அந்த ஒருவர் போய்ச் சேரும் இடம் நல்ல இடமாக இருக்க வேண்டாமா?

முதல் நான்கு நாட்கள்

"குடியை நிறுத்தினால் நல்லதுதானே, இதில் என்ன அபாயம்?" என்று கேட்பீர்கள். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்வை கொட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகச் சொல்லுவார்கள், அலறுவார்கள். இந்த நிலையில் தக்க வைத்தியம் இல்லாவிட்டால் மரணமும் நேரலாம்.

டாக்டர் அருகில் இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மாத்திரைகள் உண்டு. மூளையைக் காக்க 'பி1' என்ற வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். டாக்டரே இல்லாத இடத்தில் ஓர் அறையில் பூட்டிவைத்து, "நாலு நாள் கத்திவிட்டு அடங்கிவிடுவான்" என்று காத்திருப்பது சிகிச்சை அல்ல, உயிரோடு விளையாட்டு.

ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைக்கு வேறோர் அபாயம் உண்டு. சில வாரம் நிறுத்தியவுடன் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். ஆகவே இவர்களுக்குப் புப்ரனார்ஃபின் போன்ற மருந்தை டாக்டரின் மேற்பார்வையில் நீண்ட நாள் கொடுப்பது வழக்கம்.

இன்னொரு எச்சரிக்கை. "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் மருந்துகளை நம்பாதீர்கள். டைசல்பிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளியின் சம்மதம் இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது.

எல்லோரும் தங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முன்பு வலிப்பு கண்டவர்கள், ஈரல் முதலிய உறுப்புகள் கெட்டவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், பல தடவை நிறுத்திப் பார்த்துத் தோற்றவர்கள், வீட்டிலேயே குடிக்கும் துணை உள்ளவர்கள் - இவர்களுக்குத் தங்கிப் பெறும் சிகிச்சை தேவைப்படும். மற்றவர்களில் பலர் வீட்டில் இருந்தபடியே வந்து போய்க் குணமடையலாம். எது தேவை என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். வண்டி அனுப்புகிறவர் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநல மருத்துவப் பிரிவில் முதலில் காட்டுங்கள்.

ஒரு பெண்மணி திறந்த கதவு

சென்னையில் நடந்த ஒரு வரலாறு இது. புகழ் பெற்ற தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்த டி. டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் காலமானார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் துக்கத்தோடு மூலையில் அமர்ந்துவிடவில்லை. அமெரிக்கா சென்று இந்தச் சிகிச்சை முறையைக் கற்றார். 1980-ல் கணவர் பெயரிலேயே சிகிச்சை ஸ்தாபனத்தைத் தொடங்கினார். இந்திய அரசு 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவர் வகுத்த முறையில் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. நோயாளிக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியே சிகிச்சை வகுப்புகள் உண்டு. ஒருவர் குடித்தால் வீடு முழுவதுமே நோயுறுகிறது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

சங்கிலிக்கு இடமில்லை

2001 ஆகஸ்ட் 6-ந் தேதி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்கள் குடிநோயாளிகள் அல்லர். ஆனாலும் பூட்டும் சங்கிலியும் வைத்தியம் ஆகா என்ற பாடம் இருவருக்கும் பொதுவானதே.

2017-ல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனக்கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது தடை செய்கிறது. தானாக வந்து சேர்ந்தவர் போக விரும்பினால், பரிசோதிப்பதற்காக ஒரு நாள் நிறுத்திவைக்கலாமே தவிர, மாதக்கணக்கில் அடைத்துவைக்க முடியாது. தானே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவரை மற்றவர் சேர்ப்பதற்கும் முறை உண்டு. டாக்டர் தனியே பரிசோதித்துச் சான்று கூற வேண்டும். முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

இல்லத்துக்கு நேரில் போங்கள். தயங்காமல் கேளுங்கள்:

1. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? சான்றிதழைக் காட்டுங்கள்.

2. மனநல டாக்டர் யார்? எப்போது வருவார்? நள்ளிரவில் வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?

3. தினமும் காலை முதல் மாலை வரை என்ன நடக்கும்? தனியாகப் பேசி ஆலோசனை கூறுபவர் உண்டா?

4. நாங்கள் பார்க்கலாமா? பேசலாமா? எங்களுக்கும் வகுப்பு உண்டா?

5. மொத்தச் செலவு எவ்வளவு? ரசீது கிடைக்குமா?

6. வீடு திரும்பிய பிறகு எத்தனை காலம் கவனிப்பீர்கள்?

"மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது" என்றாலோ, "நூற்றுக்கு நூறு குணம், நாங்கள் பொறுப்பு" என்றாலோ, அப்படியே திரும்பி நடந்துவிடுங்கள். உண்மையான டாக்டர் அப்படி வாக்குறுதி கொடுக்க மாட்டார்.

வாசலுக்கு வெளியே

இல்லத்தில் இருக்கும் ஒரு மாதம் சிகிச்சையின் ஆரம்பமே. உள்ளே மதுக்கடை இல்லை. வெளியே தெருமுனையில் இருக்கிறது! ஆகவே மாதந்தோறும் டாக்டரைப் பார்ப்பதும், குடியை விட்டவர்கள் ஒன்றுகூடும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களுக்குப் போவதும் பெரிய துணை. 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும் தொடங்கிய இயக்கம் அது. இருவருமே குடியில் விழுந்து எழுந்தவர்கள். கட்டணம் கிடையாது. ஒருமுறை தவறி மறுபடி குடித்துவிட்டால், "எல்லாம் வீண்" என்று கைவிடாதீர்கள். மீண்டும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாமல் திகைப்பவர்கள் 14416 என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசியில் யோசனை கேட்கலாம்.

இனி அந்த வீட்டுக்குத் திரும்புவோம். பொழுது விடிகிறது. தம்பி வண்டிக்குச் சொல்லவில்லை. போதை தெளிந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் அத்தானுக்குக் காப்பியைக் கொடுக்கிறான். "அத்தான், இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோமா? அக்காவும் வருகிறாள்" என்கிறான்.

சற்று நேரம் மௌனம். "சரி" என்கிறார் அவர்.

இன்று இல்லாவிட்டால் நாளை, நாளை இல்லாவிட்டால் இன்னொரு நாள் அந்தச் "சரி" வரக்கூடும். அதற்காகக் கேட்டுக்கொண்டே இருங்கள். அந்தக் காகிதத்தில் முதல் கையெழுத்து, கூடுமானவரை அவருடையதாகவே இருக்கட்டும்.